கூட்ரோட்டில் மார்க் ஷீட்

பச்சைமுத்து தன் மகளுக்கு வைத்த ஃப்ளெக்ஸ் பதினாறடி உயரம். சாலைகள் கூடுகிற செஞ்சிக் கூட்ரோட்டில், திண்டிவனம் பஸ் திரும்புகிற முனையில், இரண்டு சவுக்குக் கம்பு நட்டுக் கட்டியிருந்தான். கோட்டை பார்க்க வருகிறவன் கண்ணில் ராஜகிரி மலை படுகிறதோ இல்லையோ, அனுவின் முகம் பட்டே தீரும்.

முகத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. முகத்துக்குப் பக்கத்தில் அவளுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி அச்சடித்திருந்தான். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பதிவு எண், பள்ளிக்கூடம், எல்லாம் பஸ்ஸில் போகிறவன்கூடப் படிக்கலாம். கீழே, வாழ்த்துச் சொல்ல வசதியாக, தன் போன் நம்பர். ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கூடக் கேட்டார், "மார்க்கை மட்டும் கொட்ட எழுத்துல போட்டா போதாதா பச்ச? ஷீட்டெல்லாம் எதுக்கு?" என்று. போதாது என்றான்.

அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் ஏலம் போகிற விற்பனைக்கூடத்தை ஊரில் கமிட்டி என்பார்கள். அங்கே அவன் இருபத்திரண்டு வருஷமாக மூட்டை தூக்குகிறான். ரிசல்ட் வந்த அன்றைக்கு, "எம் பொண்ணு ஐந்நூத்து எழுபத்தொன்னு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனான். மூட்டை எடை போட வந்திருந்த ஒரு பெரிய மனுஷர் பல்லைக் குத்திக்கொண்டே, "ஒம் பொண்ணா? நல்லா பாத்தியாடா? வேற எவளுதுனா இருக்கப்போவுது" என்றார். கூட இருந்த நாலு பேர் சிரித்தார்கள். பச்சைமுத்துவும் சிரித்தான். சிரித்துவிட்டு, அடுத்த மூட்டையைத் தூக்கினான். ஃப்ளெக்ஸுக்குக் காசு சேர இரண்டு மாதம் ஆயிற்று; கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க் ஷீட் கூட்ரோட்டில் ஏறிவிட்டது. இப்போது சொல்லுங்கடா, யாருடைய பெண் என்று.

வீட்டுச் சாவியை வாசற்காலில் தொங்கவிட்டுப் போகிறவனைக் கண்டால் நாலு பேர் திட்டுவார்கள். இவனை யாரும் திட்டவில்லை. கீழே நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணி. கமிட்டியில் லாரி நின்றுகொண்டிருந்தது. முதுகில் மூட்டை ஏறப்போகிற நேரத்தில் போன் அடித்தது.

"வணக்கம் சார். பச்சைமுத்து சார்தானே பேசறது?"

சார்! அந்தக் கூடத்துக்குள் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மூட்டையை விட்டுவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

"இன்ஜினியரிங் கலந்தாய்வு ஆபீஸ்லேருந்து அன்புச்செல்வன் பேசறேன் சார். உங்க பொண்ணு அனு, ஐந்நூத்து எழுபத்தொன்னு. மொதல்ல என் வாழ்த்துகள் சார். பிறந்த தேதி ரெண்டாயிரத்து எட்டு மார்ச் பதினாலு. பதிவு எண் சொல்றேன், சரியான்னு பாத்துக்குங்க."

அவன் சொல்லச் சொல்லப் பச்சைமுத்து தலையாட்டினான். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதுகூட மறந்துபோயிற்று. ஆபீஸ் ஆளாக இல்லாவிட்டால் இதெல்லாம் எவனுக்குத் தெரியும்?

"உங்க குடும்பத்துல மொதல் பட்டதாரி இவங்கதானே சார்? அதைச் சரிபாக்கணும். உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை மட்டும் சொல்லுங்க, வேலை முடிஞ்சிடும்."

முதல் பட்டதாரி. அந்தச் சொல்லில் அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை, மனுஷன்.

போன் டொங்கென்றது. பார்த்தான். ஆங்கிலத்தில் நாலு வரி, நடுவில் ஆறு எண்கள். எண் மட்டும் புரிந்தது. காதில் வைத்தால் எழுத்துத் தெரியாது, எழுத்தைப் பார்த்தால் பேச முடியாது. கமிட்டியில் எப்போதும் செய்வதையே செய்தான். மூட்டைக்கு நம்பர் போடுகிற மார்க்கரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, இடது முன்கையில் அந்த ஆறு எண்ணையும் எழுதி, பார்த்துச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. அதையும் அதற்குக் கீழே எழுதிச் சொன்னான்.

"சூப்பர் சார். பொண்ணுகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க, டென்ஷன் ஆயிடுவாங்க."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பச்சைமுத்து ஓடிப் போய் முதுகைக் கொடுத்தான். அன்றைக்கு முந்நூறு மூட்டை. வீட்டுக்கு வந்தபோது சோற்றைத் தவிர வேறு ஞாபகம் இல்லை. கையிலிருந்த எண்ணை வசந்தா பார்த்தாள், கேட்கவில்லை. லாரி நம்பரும் லாட் நம்பரும் கையில் எழுதிக்கொண்டு வருகிற புருஷனோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்துகிறவள் அவள். அந்த மை சோப்புக்குப் போகாது, தானாக மங்க நாலைந்து நாள் ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று பேருமாகக் காந்தி பஜாரிலுள்ள ஜெயசுதாவின் கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பினார்கள். அனுவின் விண்ணப்பத்தை முதலிலிருந்து போட்டுக்கொடுத்தவள் ஜெயசுதாதான். கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கி வைத்திருந்தாள் அனு. சென்னையிலுள்ள அரசுக் கல்லூரி முதலில், விழுப்புரத்துக் கல்லூரி இரண்டாவது, இப்படிப் பதினெட்டு. அன்று மாலை ஐந்து மணிக்குள் அந்த வரிசையைப் பூட்டிவிட வேண்டும்; பூட்டினால் பிறகு மாற்ற முடியாது. நல்ல காரியம் என்று பச்சைமுத்து கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளை முழுக்கைச் சட்டையைப் போட்டு, மணிக்கட்டு வரை பட்டனும் போட்டுக்கொண்டான்.

பாஸ்வேர்டு ஏற்கவில்லை. மறுபடி போட்டாள் ஜெயசுதா. ஏற்கவில்லை. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போட்டு, நிலவரம் மட்டும் காட்டுகிற பக்கத்தைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

பதினெட்டு கல்லூரியும் இல்லை. ஒரே ஒரு தனியார் கல்லூரி, எங்கேயோ மூன்று மாவட்டம் தள்ளி, பேர்கூடக் கேள்விப்பட்டதில்லை. அதன் மூன்று பாடப்பிரிவுகள், மூன்று வரி. கீழே சிவப்பில், பூட்டப்பட்டது.

"அக்கா, இது நான் போட்டதில்லக்கா" என்றாள் அனு.

"சீட்டு ரொப்ப ஆள் புடிக்கிறவனுங்க வேலை இது" என்றாள் ஜெயசுதா. "இப்படியே விட்டா அனுவுக்கு அந்தக் காலேஜிதான் வரும். அது வேணான்னா இந்த வருஷம் வீட்லதான் குந்தணும்."

வசந்தாவுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஏறியது. "பாஸ்வேர்டு ஒனக்குத்தானடி தெரியும்?"

"அக்கா..."

"ஒனக்கும் எம் பொண்ணுக்கும்தான தெரியும்? எவங்கிட்டடி வித்த? நல்லா இருப்பியா நீ? மூட்டை தூக்கி முதுகு செத்துப் படிக்க வெச்ச பொண்ணுடீ!"

வசந்தாவின் குரல் பஜாருக்கே கேட்கிற குரல். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், எதிர்ப் பூக்கடைக்காரி, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்று வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜெயசுதா எழுந்து நின்றாள். புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவள். கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் பேச்சு தடுமாறவில்லை.

"சத்தியமா நான் இல்லக்கா. பாஸ்வேர்டு மட்டும் தெரிஞ்சா பத்தாது. மாத்தறதுக்கும் பூட்டறதுக்கும் ஓடிபி வேணும். அது நம்ம அண்ணன் நம்பருக்குத்தான் போவும். அண்ணே, நேத்து ஒங்க போனுக்கு ஆறு எண்ணு எதுனா வந்துச்சா?"

எல்லாரும் பச்சைமுத்துவைப் பார்த்தார்கள். சார், முதல் பட்டதாரி, சூப்பர் சார். எல்லாம் அவனுக்கு ஒரே நொடியில் விளங்கிப்போயிற்று. பாவி, பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன்!

"இன்னாய்யா, வந்துச்சா?" என்றாள் வசந்தா.

"தெர்ல... வெளிச்சத்துல பாக்குறேன்" என்று வாசலுக்கு வந்தான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீக்கடை ஓரமாக நின்றான். இரண்டு செய்தியையும் அழித்தான். அந்த அன்புச்செல்வன் பேசிய அழைப்பையும் அழித்தான். எவ்வளவு வேகம் பாருங்கள், அந்த நேரத்தில் விரலுக்கு! திரும்பி வந்து போனை நீட்டினான்.

"ஒண்ணும் வர்ல. நீயே பாரும்மா."

ஜெயசுதா பார்த்தாள். ஒன்றும் இல்லை. வாசலில் யாரோ "த்சொ" கொட்டினார்கள். பூக்கடைக்காரி, "இதுங்கள நம்பித்தான ஆதார் கார்டைக் குடுக்குறோம்" என்றாள். அனு ஜெயசுதாவைப் பார்த்த பார்வையைப் பச்சைமுத்துவும் பார்த்தான். மணிக்கட்டுப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சட்டைக்குள் கை எரிகிற மாதிரி இருந்தது.

ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷட்டரை இழுத்து மூடினாள். "விழுப்புரத்துல சேவை மையம் இருக்குது. அங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் பதிவாயிருக்கும். வாங்க, நானும் வர்றேன். நான் பண்ணலன்னு தெரியட்டும்" என்றாள்.

நாலு பேரும் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்கள். கூட்ரோட்டில் பஸ் திரும்பும்போது பதினாறடி உயரத்தில் அனு சிரித்துக்கொண்டிருந்தாள். பச்சைமுத்து ஜன்னல் பக்கம் பார்க்காமல் தன் கால்கட்டை விரலையே பார்த்துக்கொண்டு வந்தான். இப்போது சொல்லிவிடலாம், அடுத்த ஊர் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். எந்த ஊர் தாண்டியும் வாய் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் முதுகில் மூட்டை ஏற்றியவனுக்கு இந்த ஒரு வார்த்தை நாக்கில் ஏறவில்லை.

சேவை மையத்தில் பெருங்கூட்டம். முறை வரும்போது மூன்றே முக்கால். கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் தேடினார்.

"நேத்து பதினொன்னே முக்காலுக்குப் பாஸ்வேர்டை மாத்தியிருக்காங்க. பத்து நிமிஷம் கழிச்சுப் பூட்டியிருக்காங்க. ரெண்டு தடவையும் ஓடிபி இந்த நம்பருக்குப் போயிருக்கு. இது யார் நம்பர்?"

"என்னுதுங்க" என்றான் பச்சைமுத்து.

"வந்துச்சா?"

"...வர்லீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வராத ஓடிபியை எப்படிப் போட்டாங்க? இங்க பாருங்க, ஏமாந்து சொல்லிட்டோம்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, மேல பேசித் திறந்துவிடச் சொல்லிக் கேக்கலாம். வரவே இல்லைன்னு எழுதினா, உங்க வீட்டு போனை வெச்சு நீங்களே பூட்டினதாத்தான் ஆகும். நான் ஒண்ணும் பண்ண முடியாது. இல்ல, வேற யார் கையிலயாவது போன் இருந்துச்சா?"

"முந்தாநேத்து இவ கையிலதாங்க இருந்துச்சு" என்று வசந்தா ஜெயசுதாவைக் காட்டினாள்.

"அது ஞாயித்துக்கிழம, காலேஜ் வரிசை போட்டப்பக்கா. இது நேத்து நடந்தது" என்றாள் ஜெயசுதா.

சுவர்க் கடிகாரத்தில் நாலு அடித்தது. அனு அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பதினேழு வயசுப் பெண். பாடத்தைத் தவிர எதிலும் புத்தி போகாத பெண். அவள் கேட்டாள்:

"மேடம், ஜெயசுதா அக்காதான் பண்ணாங்கன்னு எழுதிக் குடுத்தா, தெறந்து விடுவாங்களா மேடம்?"

ஜெயசுதா அனுவையே பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதமாக ஒரு பைசா வாங்காமல் விண்ணப்பம் போட்டுக்கொடுத்தவள் அவள்.

பச்சைமுத்துவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. சீட்டுப் போனதைத் தாங்கியிருப்பான். தன் மகள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைத் தாங்க முடியவில்லை. தன்னால் வந்த வார்த்தை அது.

"பாப்பா, அப்படிச் சொல்லாதம்மா" என்றான். மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றினான். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டி, முன்கையை மேஜைமேல் வைத்தான். வெயிலில் கறுத்த கை. அதில் கருநீல மையில் ஆறு எண். அதற்குக் கீழே இன்னொரு ஆறு எண்.

"வந்துச்சுங்க மேடம். ரெண்டு தபா வந்துச்சு. நாந்தான் சொன்னேன். காலையில போன்ல இருந்ததயும் நாந்தான் அழிச்சேன். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க."

வசந்தா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். அனு அந்தக் கையையே பார்த்தாள். "நைனா..." என்றாள்.

"அவன் ஒம் பேரு சொன்னாம்மா. பொறந்த தேதி, பதிவு எண்ணு, எல்லாம் சரியா சொன்னான். ஆபீஸ் ஆளு இல்லாட்டி எப்படித் தெரியும்னு..."

"எப்படித் தெரியும்?" என்றாள் ஜெயசுதா. "கூட்ரோட்ல படிச்சிருப்பான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பச்சைமுத்துவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. எந்த விவரத்தைக் கேட்டு அவனை நம்பினானோ, அதை அத்தனையும் கம்பு நட்டுக் கட்டினவன் இவனேதான்.

பேராசிரியை அவன் கையிலிருந்த எண்களைத் தாளில் குறித்துக்கொண்டார். "அந்த மெசேஜ்ல என்ன இருந்துச்சுன்னு தெரியுமாங்க? இந்த நம்பரை யாருக்கும் சொல்லாதீங்க, ஆபீஸ்லேருந்து யாரும் கேக்க மாட்டோம்னு இருந்துச்சு" என்றார். பிறகு திட்டவில்லை. எழுதச் சொன்னார், அனு எழுதினாள், பச்சைமுத்து கையெழுத்துப் போட்டான். அவர் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஒருவர் இன்னொருவருக்கு மாற்றினார், அவர் காத்திருக்கச் சொன்னார். கடிகாரம் மட்டும் காத்திருக்கவில்லை. நாலரை. நாலு முப்பத்தெட்டு.

"ஓடிபி நம்பர் ஒத்துப்போகுதாம்" என்றார் கடைசியில். "கால் மணி நேரம் திறந்து விடுறாங்க. ஆனா இந்தப் பழைய நம்பர் வேணாம், அவன் கையில சிக்கின நம்பர் இது. வேற நம்பர் சொல்லுங்க, சீக்கிரம்."

வேறு நம்பர். அந்த வீட்டில் இருப்பதே ஒரு போன்தான். அனு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். பிறகு மூன்று பேரும், வேறு வழியில்லாமல், ஜெயசுதாவைப் பார்த்தார்கள்.

"என் நம்பரா?" என்றாள் ஜெயசுதா. "வேணாங்க. நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, மறுபடியும் என் கடை வாசல்ல வந்துதான நிப்பீங்க? காலையில நின்ன மாதிரி."

அவள் கேட்டதில் என்ன தப்பு? அனு அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் தப்பாப் பேசிட்டன்க்கா" என்று விசும்பினாள். நாலு நாற்பத்திரண்டு.

ஜெயசுதா கையை விடுவித்துக்கொண்டாள். பையிலிருந்து போனை எடுத்துப் பூட்டைத் திறந்து அனுவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னிக்கி மட்டுந்தான். நாளைக்கே உனக்குன்னு ஒரு சிம் வாங்கி, அந்த நம்பருக்கு மாத்திக்க. ஓடிபி வரும், நீயே பாத்து நீயே போடு. பாஸ்வேர்டும் நீயே புதுசா வெச்சிக்க. யாருக்கும் சொல்லாத. எனக்கும் சொல்லாத. ஒங்க நைனாவுக்கும் சொல்லாத."

சொல்லிவிட்டு, நாலடி தள்ளிப் போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். ஒரு தப்பும் செய்யாதவள், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள். போன் டொங்கென்றது. அவள் திரும்பவில்லை. பச்சைமுத்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றான். வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அவன் வாழ்க்கையில் பட்டதில்லை, கமிட்டியில் நாலு பேர் சிரித்த அன்றைக்குக்கூட.

நாலு ஐம்பத்து மூன்றுக்குப் பதினெட்டு கல்லூரியும் பழைய வரிசையில் பூட்டப்பட்டது. அனு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பேராசிரியை, "சைபர் கிரைம்லயும் ஒரு புகார் குடுத்துடுங்க. மொதல்ல அந்த ஃப்ளெக்ஸைக் கழட்டுங்க" என்றார்.

வெளியே வந்ததும் வசந்தா ஜெயசுதாவின் கிட்டே போனாள், என்னவோ சொல்ல நினைத்தாள், முடியாமல் அவள் தோளை மட்டும் தொட்டாள். ஜெயசுதா ஒதுங்கவும் இல்லை, சாயவும் இல்லை. பச்சைமுத்து முன்னால் வந்து நின்றான். சட்டைக்கை இன்னும் சுருட்டியபடியே இருந்தது.

"தப்பு பண்ணிட்டன்மா. என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்."

"என்கிட்ட சொல்லி இன்னாண்ணே ஆவப்போவுது? எனக்குத்தான் காலையிலயே தெரியுமே, நான் பண்ணலன்னு" என்றாள் ஜெயசுதா. "கடை வாசல்ல நின்னாங்களே, அவங்களுக்குத் தெரியாது. பூக்கடை அக்காவுக்குத் தெரியாது. நாளைக்கி எவன் எங்கிட்ட ஆதார் குடுப்பான்?"

"நாளைக்கி காலையில வர்றேன். அதே எடத்துல நின்னு, நாந்தான்னு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்றேன். இந்தக் கையையும் காட்றேன். அதுவரைக்கும் தண்ணிகூட படாம வெச்சிருக்கறேன்."

ஜெயசுதா அவன் முன்கையைப் பார்த்தாள். கடைசி இரண்டு எண் லேசாக மங்கத் தொடங்கியிருந்தது.

"அழிஞ்சாலும் வாங்க" என்றாள்.